பத்தே நிமிஷம் என்று சொல்லாதவள்

என் அண்ணி யாங் மல்சுன் பொய் சொல்ல மாட்டாள். இது நாத்தனார் வாயிலிருந்து வரும் சொல், ஆகவே நம்பலாம். அதைப் பெரிய நற்குணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் குடும்பத்துக்கு அது முப்பத்து நான்கு வருஷத் தலைவலி.

வீட்டுக்கு ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தாள். இதோடு பெண் பிறப்பது நிற்கட்டும் என்று, ‘கடைசி’ என்று பொருள் வரும்படி மல்சுன் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். “என் பேரே பொய்யாப் போச்சு. மிச்சத்தையாவது நான் சரியா வெச்சுக்கணும்ல” என்பாள்.

கமலா ஆரஞ்சு தரம் பிரிக்கும் கூடத்தில் முப்பது வருஷமாக அவளுக்கு வேலை. பெல்ட்டில் பழம் உருண்டு வரும்போது ஒரே பார்வை, நல்லது இந்தப் பக்கம், சொத்தை அந்தப் பக்கம். ஒரு வருஷம் என் அண்ணன் சாங்கிலின் தோட்டத்துப் பழம் வந்தது. கட்டிய புருஷன் தோட்டம் ஆயிற்றே என்று ஒரு கண் மூடியிருக்கலாம். மூடவில்லை. மூன்று பெட்டியை ஜூஸுக்குத் தள்ளிவிட்டாள். அண்ணன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பசித்தது, பேசினான்.

என் கல்யாணத்தன்று அலங்கார அறைக்குள் வந்தாள். என்னைப் பார்த்தாள். “இன்ஜா, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்க. துடைச்சிட்டு வா” என்றாள். அழுதுகொண்டே துடைத்தேன். கல்யாணப் படம் நன்றாக வந்தது என்பதை இன்றுவரை நான் அவளிடம் ஒப்புக்கொண்டதில்லை.

இப்படிப்பட்டவள் தலையில்தான் அந்த மலை வந்து விழுந்தது.

எங்கள் தீவின் நடுவில் நிற்கும் ஹல்லா மலை எங்கள் சமையலறை ஜன்னலில் தெரியும். உச்சியில் மேகம் தொப்பி போட்டிருந்தால் அன்றைக்குத் துணி துவைக்க மாட்டோம். அதற்குமேல் எங்களுக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அறுபத்தொரு வயது வரை மல்சுன் அதில் ஏறியதில்லை. நானும் ஏறியதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். அது எங்கே ஓடிவிடப் போகிறது? தலைநகரிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள்தான் விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதை நோக்கி ஓடுவார்கள்.

மல்சுனின் ஒரே மகள் ஹேரின் தலைநகர் சியோலில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு பையனைப் பிடித்துப்போயிற்று. பையன் தங்கம். பையனின் அப்பா மேங் மலைப் பைத்தியம். நாட்டில் இருக்கிற மலையெல்லாம் ஏறி, உச்சிக் கல்லைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து வைத்திருக்கிறார். பையனின் அம்மா யோன்சுக் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அந்த அம்மாள் மட்டும் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. பெண் மூன்று வயது மூத்தவள், தீவுக்காரி, குடும்பம் எப்படியோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நேரில் பார்த்துப் பேசியபிறகுதான் எதுவும் என்று சொல்லியிருந்தாள்.

இரண்டு குடும்பமும் சந்திப்பதற்கு நாள் குறிக்க மேங் போன் செய்தார். போனை எடுத்தவன் என் அண்ணன். அதுதான் எங்கள் கெட்ட நேரம். “ஹல்லா மலைக்குக் கீழேயே இருக்கீங்க, கொடுத்து வெச்சவங்க. அடிக்கடி ஏறுவீங்களா?” என்று அவர் ஒரு மரியாதைக்குக் கேட்டிருக்கிறார். இவன் அளந்துவிட்டான்.

“என் சம்சாரத்தைக் கேக்காதீங்க! வாரா வாரம் ஏறுவா. இங்க எல்லாரும் அவளை மலைமான்னுதான் கூப்பிடுவாங்க.”

“அப்படியா! அப்போ ஹோட்டல்ல என்ன சந்திப்பு? மலையிலயே சந்திப்போம். மனுஷங்களோட நிஜ முகம் மலையிலதான் தெரியும்.”

போனை வைத்துவிட்டுக் கப்பல் கவிழ்ந்தவன் மாதிரி உட்கார்ந்தான் அண்ணன். விஷயத்தைக் கேட்டதும் மல்சுன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் கையில் இருப்பதைக் கீழே வைப்பாள், எடுத்து அடித்துவிடக் கூடாதே என்று.

“மலைமானா? யாரு, நானா? மாடிப்படி ஏறினாலே முட்டி கடகடன்னு சத்தம் போடுது!”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி.”

“உங்க பேச்சுக்கு என் முட்டியா?”

அன்றைக்கே ஹேரின் போனில் அழுதாள். “அம்மா, ஒரே ஒரு நாள். அவங்க அம்மாவுக்கு ஏற்கனவே மனசு இல்ல. நாம பொய் சொல்லி ஏமாத்தினோம்னு தெரிஞ்சா அவ்வளவுதான், எல்லாம் போச்சு. நீங்க பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருங்க. அது போதும்.”

“நானா எதையும் சொல்ல மாட்டேன். ஆனா நேரா என்னைக் கேட்டா உள்ளதைத்தான் சொல்வேன்” என்றாள் மல்சுன். அதற்குமேல் அவளை அசைக்க முடியவில்லை. எனவே அவளை யாரும் நேராகக் கேட்காமல் பார்த்துக்கொள்வது அண்ணன் வேலை. சோற்றுப் பையைத் தூக்குவது என் வேலை.

ஏப்ரல் கடைசி. ஆரஞ்சு சீசன் முடிந்து ஊரே காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரம். காலை ஏழரை மணிக்கு மலையடிவாரத்தில் பெரியவர்கள் மட்டும் கூடினோம்; பிள்ளைகள் சியோலிலேயே இருந்துவிட்டார்கள். மேங் தலை முதல் கால் வரை மலைச் சாமான். இரண்டு கையிலும் ஊன்றுகோல், இடுப்பில் மணி, கைக்கடிகாரம் அவருடைய இதயத் துடிப்பைக் கூட எண்ணுகிறதாம். யோன்சுக் அம்மாளும் புத்தம்புதுச் சிவப்புச் சட்டையில்தான் வந்தாள். முகம் மட்டும் பல் பிடுங்கப் போகிறவள் மாதிரி இருந்தது.

எங்கள் மலைமான் தோட்டத்தில் போடும் பூப்போட்ட காற்சட்டையிலும் வெயில் தொப்பியிலும் வந்தது.

“பாத்தீங்களா, நிஜமான மலைக்காரங்க இப்படித்தான் எளிமையா இருப்பாங்க!” என்று மேங் பூரித்துப்போனார்.

ஆறு மைல் தூரம் உச்சி. நாலரை மைலில் ஒரு தங்குமிடம், பக்கத்திலேயே ஒரு வாசல். பகல் பன்னிரண்டரைக்குள் அந்த வாசலைத் தாண்டினால்தான் உச்சிக்கு விடுவார்கள். இல்லாவிட்டால் இருட்டுக்குள் இறங்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். “நாம அதையெல்லாம் பத்தரைக்கே தாண்டிடுவோம்” என்றார் மேங்.

முதல் ஒரு மணி நேரம் எனக்கே தலைகால் புரியவில்லை, அவ்வளவு அழகு. வழியெல்லாம் எரிமலை கக்கிய கறுப்புக் கல், அதன்மேல் பச்சைப் பாசி. மரங்களில் அப்போதுதான் துளிர் விட்டிருந்தது. மரத்தடியில் இடுப்பளவுக்குக் குட்டை மூங்கில், காற்று வந்தால் மலை முழுக்க சலசலவென்று பேசும். ஒரு மான் புதருக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தது. இவ்வளவையும் தலைமேல் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் துணி காயுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோமே, பாவிகள்! அண்ணி வாயைத் திறந்தபடி நடந்தாள். வாரா வாரம் பார்க்கிறவள் இப்படி வாய் பிளக்கலாமா என்று பின்னாலிருந்து கிள்ளினேன்.

“என்னடி?”

“வாயை மூடு அண்ணி.”

ஆபத்து சீக்கிரமே வந்தது. யோன்சுக் மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணி பக்கம் திரும்பினாள். “ஹேரின் அம்மா, நீங்க எத்தனை வருஷமா இப்படி...” அவ்வளவுதான், அண்ணன் தண்ணீர் பாட்டிலைப் பாதையில் உருட்டிவிட்டு “ஐயோ பிடிங்க பிடிங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினான். எல்லோரும் ஓடினோம். கேள்வி மறந்துபோயிற்று. அடுத்த முறை இருமினான். அதற்கடுத்த முறை ஒரு கல்லில் வேண்டுமென்றே தடுக்கி விழுந்தான், ஆனால் நிஜமாகவே அடிபட்டுவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூங்கில் புதர் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினேன்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அவனால் தடுக்க முடியவில்லை. மலை ஏறுகிற எவரும் கேட்கிற கேள்வி அது.

“இன்னும் எவ்வளவு தூரம்?” என்றாள் யோன்சுக்.

“தெரியல” என்றாள் அண்ணி.

“அடக்கம்! அடக்கம்!” என்று அண்ணன் கத்தினான்.

பத்து மணிக்கு மேல், இருட்டோடு ஏறியவர்கள் இறங்கி வர ஆரம்பித்தார்கள். எங்கள் நாட்டு மலைகளில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவர் ஏறுகிறவரிடம் “வந்தாச்சு, பத்தே நிமிஷம்!” என்று சொல்ல வேண்டும். மலை அடிவாரத்தில் நின்றாலும் பத்தே நிமிஷம்தான். அது பொய் என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அது ஒரு மரியாதை, வணக்கம் சொல்வது மாதிரி. யோன்சுக்குக்கும் தெரியும், ஆனால் அவள் அப்போது வணக்கம் கேட்கிற நிலைமையில் இல்லை.

“பத்தே நிமிஷம் அக்கா!” என்றான் ஒரு வாலிபன்.

“வந்தாச்சு வந்தாச்சு, அந்த வளைவுதான்!” என்றாள் பச்சைத் தொப்பி போட்ட ஒருத்தி. வளைவு தாண்டினால் இன்னொரு வளைவு. யோன்சுக் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள்.

ஒரு கிழவர் எங்களைப் பார்த்து நின்றார், பையிலிருந்து வெள்ளரிக்காயை எடுத்து ஒடித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். “தெம்பா இருங்க. இன்னும் பத்து நிமிஷம்.”

இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த அண்ணிக்குப் பொறுக்கவில்லை. “அளந்தீங்களா ஐயா?”

“என்னம்மா?”

“பத்து நிமிஷம்னு அளந்து பாத்தீங்களா? அந்த அம்மா முகத்தைப் பாருங்க. நம்பிக் கால் எடுத்து வைக்கிறாங்க. வெள்ளரிக்காய் நல்லா இருக்கு, ரொம்ப நன்றி. நிமிஷக் கணக்கு வேண்டாம்.”

கிழவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். யோன்சுக் வெள்ளரிக்காயைக் கடித்தபடி அண்ணியையே பார்த்தாள். அண்ணன் என் காதில், “கெடுத்துட்டா, இன்னைக்கு இவ கெடுக்காம விடமாட்டா” என்றான்.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு மரப்பலகைப் படியில் யோன்சுக் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். மேங் முன்னாலிருந்து, “எழுந்திரு, எழுந்திரு, பத்து நிமிஷம்தான்!” என்று குரல் கொடுத்தார்.

“நீங்க பேசாதீங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் ஒரு காக்கை பறந்தது. பிறகு அண்ணியைப் பார்த்தாள். “யாரும் எனக்கு நிஜம் சொல்ல மாட்டேங்கறாங்க. வாரா வாரம் வர்றவங்க நீங்க. நீங்களாவது சொல்லுங்க. இன்னும் எவ்வளவு நேரம்?”

அண்ணன் விழுவதற்குக் கல் தேடினான். பலகைப் பாதையில் கல் இல்லை.

‘அரை மணி’ என்று சொல்லியிருக்கலாம். யார் போய் அளக்கப் போகிறார்கள்? மகள் வாழ்க்கை அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது.

“எனக்குத் தெரியலம்மா” என்றாள் அண்ணி. “பத்து நிமிஷம் இல்லை. அது மட்டும் நிச்சயம். என் முட்டியும் ரொம்ப வலிக்குது. வாங்க, கையைக் கொடுங்க, நின்னு நின்னு போவோம்.”

யோன்சுக் கையைக் கொடுத்தாள். இரண்டு பேரும் கிழட்டு மாடுகள் மாதிரி ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து ஏறினார்கள். பின்னாலிருந்து முட்டிச் சத்தம் இரண்டு தாளமாகக் கேட்டது.

மரங்கள் முடிந்து சட்டென்று வானம் திறந்தது. மேடு முழுக்க ரோஜா நிறத்தில் காட்டுப்பூ. நேர் மேலே உச்சி, ஒரு துண்டு மேகம்கூட இல்லை. கீழே திரும்பிப் பார்த்தால் எங்கள் தீவு, சின்னச் சின்னக் குன்றுகளெல்லாம் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் போல, அதைச் சுற்றிக் கடல். எனக்குக் கூத்தாட வேண்டும் போல இருந்தது. நிஜமாகவே இரண்டு சுற்று சுற்றினேன்.

தங்குமிடத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்து நான்கு. வாசலில் சங்கிலி போட்டாயிற்று.

மேங் இடிந்துபோனார். அண்ணன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினான். சங்கிலி பக்கத்தில் காவலுக்கு நின்றவன் பு கிசுன், எங்கள் அம்மாவின் சித்தி பேரன். எங்கள் தீவில் யாரைச் சுரண்டினாலும் சொந்தம்தான். சொந்தத்தை வைத்து ஆகாத காரியம் இல்லை என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. “கவலைப்படாதீங்க, நம்ம பையன்தான், நாலு நிமிஷம்தானே” என்று மேங்கிடம் சொல்லிவிட்டுப் போனான். “தம்பி கிசுன்! நம்ம வீட்டு விருந்தாளிங்கப்பா...”

கிசுன் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் கண் அண்ணி மேல் போயிற்று. முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தான்.

“மல்சுன் அக்கா! நீயா? நிஜமா நீதானா? மலைப்பக்கமே தலைவெச்சுப் படுக்காத ஆளாச்சே! நான் இங்க பதினேழு வருஷமா நிக்கிறேன், ஒருநாள் வந்து பாருக்கான்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்! அறுபது தாண்டி இன்னைக்குத்தான் முதல் தடவையா வழி தெரிஞ்சுதா?” பிறகு அண்ணனிடம் திரும்பி, “அண்ணே, சங்கிலி எடுக்க முடியாது. எங்க அப்பாவே வந்தாலும் பன்னிரண்டரைதான்” என்றான்.

குட்டு உடைந்தது. சொந்தமே உடைத்தது. அண்ணன் காக்கைகளைப் பார்த்தான். மேங் ஊன்றுகோலைப் பார்த்தார். எனக்கு ஹேரினின் அழுகைக் குரல் காதில் கேட்டது.

யோன்சுக் மெதுவாகக் கேட்டாள். “ஹேரின் அம்மா. நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்ததே இல்லையா?”

நேராகக் கேட்டாயிற்று.

“இல்லை” என்றாள் அண்ணி. “பொறந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான். மலைமானும் இல்லை, ஒண்ணும் இல்லை. என்னைத் திட்டுங்க, இவரையும் திட்டுங்க. எம் பொண்ணு மட்டும் நல்லவ. அதுவும் நிஜம்தான்.”

யோன்சுக் விரல்களைப் பார்த்தாள். “இருபத்து மூணு தடவை” என்றாள்.

“என்னது?” என்றார் மேங்.

“காலைலேர்ந்து எங்கிட்ட இருபத்து மூணு தடவை பத்து நிமிஷம்னு சொல்லியிருக்காங்க. அதுல நீங்க மட்டும் ஒன்பது தடவை. முப்பது வருஷமா ஒவ்வொரு மலையிலயும் இப்படிச் சொல்லியே என்னை ஏத்தியிருக்கீங்க.” அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்! “எனக்கு மலையே பிடிக்காது! ஒரு மலைகூடப் பிடிக்காது! இந்த அம்மா ஒரே ஒருத்திதான் தெரியாதுன்னு சொன்னா. மாட்டிக்குவோம்னு தெரிஞ்சும் சொன்னா.”

பலகைப் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி எறிந்தாள். காலை நீட்டினாள். பிறகு பக்கத்து இடத்தைத் தட்டினாள்.

“சம்பந்தி, இப்படி வந்து உக்காருங்க. அந்தச் சோத்தைப் பிரிங்க, பசி உயிர் போகுது.”

சம்பந்தி! அண்ணன் அதைக் கேட்டு உட்கார்ந்தான், தரையில். அண்ணி வந்து உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது. நான் பையைத் திறந்தேன். கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு, முள்ளங்கி வைத்துச் சுருட்டிய தோசை எல்லாம் வெளியே வந்தன. அண்ணன் சந்தோஷத்தில் ஒன்றைக் கையில் பிடித்தபடி ஹேரினுக்குப் போன் போட்டான், ஒரு காக்கை வந்து அதைக் கொத்திக்கொண்டு போயிற்று. மேங் கூடச் சிரித்துவிட்டார். எல்லோருக்கும் அடக்கமாட்டாத சிரிப்பு. கிசுன் சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்று எதுவும் புரியாமல் சிரித்தான்.

முட்டிவலியோடு இறங்கும்போது எங்களுக்குச் சிரிப்பு ஓயவில்லை. ஒருத்தி வழுக்கினால் மற்றவள் சிரித்து அவளும் வழுக்குவாள். பாதி வழியில் அண்ணி யோன்சுக்கின் தோளில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நான் பின்னால்தான் இருந்தேன், தெளிவாகக் கேட்டது. மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி, உடைந்த கல்சுவர், அதற்கு இடது பக்கம் இரண்டு கல்லறை, நடுவில் பள்ளம்.

அடிப்பாவி, அந்த இடத்தையா சொன்னாள்! ஏப்ரல் மழை பெய்தால் எங்கள் தீவுப் பெண்கள் எல்லோரும் சமையலுக்குப் பெரணித் தளிர் பறிக்கப் பைத்தியமாக ஓடுவோம். ஒவ்வொருத்திக்கும் ஒரு ரகசிய இடம். பெற்ற மகளிடம் சொல்ல மாட்டாள், கூடப் பிறந்தவளிடம் சொல்ல மாட்டாள். முப்பத்து நான்கு வருஷமாக மல்சுன் கட்டை விரல் பருமனில் தளிர் கொண்டு வருகிறாள், எங்கே என்று எத்தனை விதமாகக் கேட்டுப் பார்த்தேன்! “சொல்ல மாட்டேன்” என்பாள் நேராக. அதை நேற்று வந்தவளிடம், ஒரு மலை இறங்குவதற்குள், கொட்டிவிட்டாள்.

எனக்கும் மானம் ரோஷம் இருக்கிறது. ஆனாலும் மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஒரு பெரிய பையை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் அந்த உடைந்த சுவரைத் தேடிப் போனேன். யாரும் வருவதற்குள் ஒரு பை பறித்துவிடலாம் என்று கணக்கு.

பள்ளத்தில் இரண்டு முதுகுகள் குனிந்திருந்தன. ஒன்றுக்குக் கீழே பூப்போட்ட காற்சட்டை, மற்றது புத்தம்புதுச் சிவப்புச் சட்டை. முட்டி போச்சு, முதுகு போச்சு என்று நேற்றெல்லாம் புலம்பிய இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஒடித்துக்கொண்டிருந்தார்கள். கால்மாட்டில் மூட்டை பாதி நிறைந்திருந்தது.

நான் சுவருக்குப் பின்னால் பதுங்குவதா, திரும்பி ஓடுவதா என்று திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன்.

மல்சுன் நிமிரக்கூட இல்லை. “நீ வருவேன்னு தெரியும்டி” என்றாள். “அந்தப் பக்கம் பறிச்சாச்சு. இந்தப் பக்கம் வா.”